தூக்குமேடையும் கருணைக் கோப்பும் – 7: திருத்தணியில் பிறந்த ஜனாதிபதி

காந்தியடிகளின் கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இருவருக்காக அடிகளின் குமாரர்களாகிய மணிலாலும் ராமதாசுமே உயிர்ப்பிச்சை வேண்டியதையும், அந்த வேண்டுகோளை நேருவும் படேலும் கவர்னர் ஜெனரலாக வீற்றிருந்த ராஜாஜியும் ஏற்க மறுத்ததையும், 1949 நவம்பர் 15-ஆம் தேதி அம்பாலாச் சிறையில் அவ்விருவரும் தூக்கிலிடப்பட்டதையும் சென்ற இதழில் கண்டோம். குடியரசு பிறப்பதற்கு இரண்டு மாதச் சொச்சமே எஞ்சியிருந்த வேளை அது. தேசப் பிதாவைக் கொன்றவர்களின் வழக்கு ஒரு புறம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், மறு புறம் அரசியல் நிர்ணய சபையில், கொன்றவனைக் கொல்லும் அதிகாரம் அரசுக்கு இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்து, பெரிய ஆரவாரமின்றி அடங்கியது.

1948 நவம்பர் 29-ஆம் தேதி ஐக்கிய மாகாணத்துப் பிரதிநிதியாகிய இஸட். எச். லாரி என்பவர், பலாத்காரத்தோடு கூடிய ராஜத்துரோகம் ஒன்றைத் தவிர வேறு எக்குற்றத்துக்கும் மரண தண்டனை கூடாதென்று ஒரு திருத்தம் கொணர்ந்தார். மனிதர் வழங்கும் நியாயம் தவறக்கூடியது, தவறிவிட்டால் இந்த ஒரு தண்டனையை மட்டும் திரும்பப் பெற வழியில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி, மரண தண்டனை வழக்குகளில் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் உரிமை வழங்குவதா என்ற விவாதத்தின்போது டாக்டர் அம்பேத்கரே எழுந்து, அப்பீலுக்கு ஏற்பாடு செய்வதைக் காட்டிலும் அந்தத் தண்டனையையே எடுத்துவிடுவதைத் தாம் அதிகம் ஆதரிப்பதாகச் சொன்னார். இந்நாட்டு மக்கள் அஹிம்சையை எப்போதும் அனுஷ்டிக்கிறார்கள் என்று சொல்ல முடியாவிட்டாலும், அதைத் தர்மமென்று ஏற்றுக்கொண்டவர்கள் என்பது அவர் காட்டிய காரணம். அரசியல் சாஸனத்தை எழுதிய கையே இதை விரும்பவில்லை என்பதை நம்மவர் பலர் அறியார். அறிந்தோரும் அழுத்திச் சொல்வதில்லை.

ஆக, தண்டனை நின்றது. அதன் கூர்மையைச் சற்றே தணிக்கும் பொருட்டு இரண்டு ஷரத்துக்கள் சாஸனத்தில் இடம்பெற்றன: 72-ஆவது ஷரத்து ஜனாதிபதிக்கும், 161-ஆவது ஷரத்து கவர்னர்களுக்கும் தண்டனையை மன்னிக்கவும் குறைக்கவும் மாற்றவும் அதிகாரம் அளித்தன. முடியரசர்களின் கையிலிருந்த உயிர்ப்பிச்சை இவ்வாறு குடியரசின் அலுவலகக் கோப்பாக உருமாறிற்று. அந்தக் கோப்பை 1962 முதல் 1967 வரை பிரித்துப் பார்த்து முடிவு எழுதும் பொறுப்பு, தணிகை மலையடிவாரத்தில் பிறந்த ஒரு தத்துவாசிரியரின் மேசைக்கு வந்து சேர்ந்தது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி திருத்தணியில் பிறந்தவர். தகப்பனார் வீராசாமி, தாயார் சீதம்மா. ஊரிலே எழுத்தறிந்து, திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரீசுக் கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியிலும் பயின்று, தத்துவத்தைத் தம் வாழ்வாக வரித்துக்கொண்டவர். 1936 முதல் ஆக்ஸ்போர்டில் கீழைநாட்டுச் சமயங்களுக்கும் அறநெறிக்கும் உரிய பீடத்தை வகித்தார். அவர் அந்தப் பீடத்தில் இருந்த ஆண்டுகளிலேதான், 1948-இல், பிரிட்டிஷ் காமன்ஸ் சபை தூக்குத் தண்டனையை நிறுத்திவைக்க வாக்களித்ததும், பிரபுக்கள் சபை அதைத் தள்ளியதும் நிகழ்ந்தன. 1949-இல் அவர் மாஸ்கோவுக்குத் தூதராகச் சென்றார். 1947-இல் மரண தண்டனையை நீக்கியிருந்த சோவியத் அரசு, அவர் அங்கிருந்த காலத்தில், 1950 ஜனவரியில், தேசத்துரோகிகளுக்கென்று அதை மீண்டும் கொண்டுவந்தது. நீக்குவதும் மீட்பதுமாக உலகம் இந்த ஒரு விஷயத்தில் தடுமாறிக்கொண்டிருந்ததைக் கண்ணெதிரே கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

1952-இல் உபஜனாதிபதியானதும், பதவி வழியே ராஜ்ய சபையின் தலைமையும் அவருக்கு வாய்த்தது. அந்தச் சபையில் இந்தப் பிரச்சனை அவர் தலைமைக் காலத்தில் இருமுறை பிரஸ்தாபிக்கப்பட்டது. 1958-இல் பிரேரணை கொண்டுவந்தவர், நாடக மேடையிலும் திரையிலும் பேரரசர்களாக நடித்துப் புகழடைந்து, நியமன உறுப்பினராக அமர்ந்திருந்த பிருதிவிராஜ் கபூர்; விவாதம் நடந்த பின் அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1961-இல் சாவித்திரி தேவி நிகம் கொண்டுவந்த பிரேரணை வாக்கெடுப்பில் தோற்றது. இவற்றுக்கு முன்னே 1956-இல் லோக சபையில் முகுந்த்லால் அகர்வாலின் மசோதா நிராகரிக்கப்பட்டிருந்தது. அதற்கும் வெகுகாலம் முன்னே, 1931-இல், பீகாரைச் சேர்ந்த கயா பிரசாத் சிங் பிரிட்டிஷ் காலத்துச் சட்டசபையில் முயன்று தோற்றிருந்தார். 1962-இல், நம் தணிகையார் ஜனாதிபதியான அதே ஆண்டில், ரகுநாத் சிங் என்பவர் லோக சபையில் மறுபடி பிரேரணை கொண்டுவர, அந்த விவாதத்தைச் சட்டக் கமிஷனுக்கு அனுப்பிவைப்பதாக அரசாங்கம் வாக்களித்தது. அவரும் பிரேரணையை விட்டுக்கொடுத்தார்.

பிரேரணைகளின் கதி இவ்வாறாக, கோப்புகளின் கதியை இனிப் பார்ப்போம். அதற்குத் திருத்தணியைக் காட்டிலும் தக்க உதாரணம் வேறில்லை. இந்த ஊரில் ஒருவன் கொலைக் குற்றம் சாட்டப்பட்டான் என்று வைத்துக்கொள்வோம். 1952-ஆம் ஆண்டாயின் அவன் வழக்குச் சித்தூர் ஜில்லா செஷன்ஸ் கோர்ட்டில் நடந்து, சென்னை ஹைகோர்ட்டில் ஊர்ஜிதம் பெற்று, அவன் கருணை மனு சென்னை கவர்னரிடம் போகும். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிரிந்தது. சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போயிற்று. 1955-ஆம் ஆண்டாயின் அவன் விதியை ஊர்ஜிதம் செய்வது குண்டூரிலிருந்த ஹைகோர்ட்டு, மனுவைப் பார்ப்பவர் கர்நூலிலிருந்த கவர்னர். 1958-இல் இரண்டும் ஹைதராபாத். அப்புறம் ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியும், எல்லைத் தகராறில் நடுவராயிருந்த படாஸ்கரின் தீர்ப்பும், 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணியைச் சென்னை ராஜ்யத்துக்கு மீட்டுத் தந்தன. 1961-இல் அதே மனிதன் செங்கற்பட்டு ஜில்லாக்காரன், அவனுக்கு மறுபடி சென்னை ஹைகோர்ட்டு, சென்னை கவர்னர். வீட்டு வாசற்படியைத் தாண்டாமல் ஒருவன் பத்தாண்டுக்குள் மூன்று கவர்னர்களின் கருணைக்கு உரியவனாகியிருக்கிறான். எல்லையிற் பிறந்தவனுக்கு வரியும் பள்ளிக்கூடமும் மாறுவது பெரிதன்று. உயிரும் அவ்வாறு கைமாறும் என்பதைத்தான் நாம் யோசிப்பதில்லை.

கவர்னர் மறுத்தால் மனு டில்லிக்கு ஏறும். உள்துறை மந்திரியின் அலுவலகத்தில் அது குறிப்பு எழுதப்பெற்று, சிபாரிசோடு ராஷ்டிரபதி பவனை அடையும். மந்திரிகளின் ஆலோசனைப்படியே ஜனாதிபதி நடக்கவேண்டும் என்பது ஆதியிலிருந்தே மரபு. 1980-இல் மாரு ராம் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அவ்வாறே தீர்ப்புரைத்தது. ராதாகிருஷ்ணன் காலத்தில் அந்த ஆலோசனையைச் சொல்லும் இடத்தில் இருந்தவர்கள் முதலில் லால் பகதூர் சாஸ்திரி, பின்னர் குல்சாரிலால் நந்தா, இறுதியில் ஒய். பி. சவாண். ஆகவே அக்காலக் கருணைக்குப் புகழோ பழியோ சேர்வதானால், ஒருவருக்கு மட்டும் சேர்வது முறையாகாது.

மனு மறுக்கப்பட்டபின் நடப்பது சிறை விதிகளில் எழுதியுள்ளபடி நடக்கும். கைதியின் எடையையும் உயரத்தையும் அளந்து, எடைக்குத் தக்கபடி கயிறு எத்தனை அடி விழவேண்டும் என்று கணக்கிடுவார்கள். கைதியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு கனமுள்ள மணல் மூட்டையை அதே கயிற்றில் கட்டி, பொறியைத் திறந்து விழவிட்டு, கயிறு தாங்குகிறதா என்று முன்கூட்டியே சோதிப்பார்கள். கயிற்றுக்கு மெழுகு தடவுவார்கள். பொழுது விடியுமுன் கைதியைத் தனிக் கொட்டடியிலிருந்து அழைத்துச் சென்று, ஆணையைப் படித்துக் காட்டி, கைகளைப் பின்னே கட்டி, முகத்தை மூடுவார்கள். விழுந்த உடலை அரைமணி நேரம் தொங்கவிட்டு, மருத்துவர் பரிசோதித்த பின்னரே இறக்குவார்கள். இன்ன நாளில் தண்டனை நிறைவேறியது என்று வாரண்டின் புறத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, தண்டனை விதித்த கோர்ட்டுக்கே அதைத் திருப்பி அனுப்புவார்கள். இவ்வளவு விவரமாக நான் இதைச் சொல்லக் காரணம், ஒவ்வொரு தூக்குக்கும் காகிதம் உண்டு என்பதை வாசகர் மனத்தில் பதியவைப்பதற்கே: சிறையில் ஒரு பதிவேடு, கோர்ட்டில் ஒரு வாரண்டு, உள்துறையில் ஒரு கோப்பு. அந்தக் காகிதங்கள் என்னவாயின என்பதற்கு இப்போது வருகிறேன்.

2015 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, நீதிபதி ஏ. பி. ஷா தலைமையிலிருந்த சட்டக் கமிஷன், பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டின்மேல் யுத்தம் தொடுத்தலும் தவிர மற்றெல்லாக் குற்றங்களுக்கும் மரண தண்டனையை நீக்கிவிடலாம் என்று தன் 262-ஆவது அறிக்கையைச் சமர்ப்பித்தது. அவ்வறிக்கையில் ஜனாதிபதிகள்தோறும் கருணை மனுக்களின் முடிவைக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. ராஜேந்திர பிரசாத் 180 பேரின் தண்டனையைக் குறைத்தார், ஒருவருடையதை மறுத்தார். ராதாகிருஷ்ணன் 57 பேரின் தண்டனையைக் குறைத்தார், ஒருவருடையதையும் மறுக்கவில்லை. ஜாகிர் உசேன் 22, வி. வி. கிரி 3; இவ்விருவரும் மறுத்ததில்லை. ஆக 1982 வரை 262 பேர் பிழைத்தனர், ஒருவரே மனு மறுக்கப்பட்டார். அதற்குப் பிந்தைய பதினைந்தாண்டில், ஜெயில் சிங், ஆர். வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா ஆகிய மூவர் காலத்தில், 93 மனுக்கள் மறுக்கப்பட, ஏழே பேர் பிழைத்தனர்.

தம் ஊர் பெற்ற பெருமகன் ஐம்பத்தேழு உயிர்களைக் காத்து ஓர் உயிரையும் கைவிடவில்லை என்று கேட்கும்போது தணிகை வாசிகளுக்கு நெஞ்சு நிறைவது இயல்பே. கந்த சஷ்டியில் மற்ற முருகன் தலங்களிலெல்லாம் சூரசம்ஹாரம் நடக்க, இந்த மலையில் மட்டும் அது நடப்பதில்லை. போர் முடித்து ஆறுமுகன் கோபம் ஆறி அமர்ந்த மலை இது என்பது ஸ்தல புராணமாதலால், அன்று இங்கே வதம் இல்லை, புஷ்பாஞ்சலி மட்டுமே. அசுரன் சாவதைக் கூட நடித்துக் காட்டாத ஊரின் மைந்தர் ஒருவரையும் தூக்குக்கு அனுப்பவில்லை என்று எழுதி முடித்துவிட்டால், அத்தியாயம் அழகாக முடியும். எனக்கும் அந்த ஆசை இல்லாமலில்லை. ஆனால் சரித்திரம் அதற்கு இடம் தரவில்லை.

1962-இல் ரகுநாத் சிங்குக்குத் தந்த வாக்கின்படி விஷயத்தை ஆராய்ந்த சட்டக் கமிஷன் 1967-இல் வெளியிட்ட 35-ஆவது அறிக்கையின் அனுபந்தத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. 1963-இல் முடிந்த ஒரு பத்தாண்டுக் காலத்தில், பதினாறு ராஜ்யங்களில் மட்டும் 1,422 பேர் தூக்கிலிடப்பட்டார்கள் என்று அது சொல்கிறது. ராஜேந்திர பிரசாத் காலத்தின் பெரும்பகுதியும், ராதாகிருஷ்ணன் காலத்தின் தொடக்கமும் அந்தப் பத்தாண்டில் அடங்கும். ஒரே ஒரு மனுதான் மறுக்கப்பட்டது என்றால் ஆயிரத்து நானூறு பேர் எப்படித் தொங்கினார்கள்? அவர்கள் எல்லோருமே டில்லிக்கு மனுச் செய்யாமல் செத்தார்கள் என்று நம்புவதற்கில்லை. ஆகவே 181 என்பதும் 57 என்பதும் கைக்குக் கிடைத்த கோப்புகளின் கணக்கேயன்றி, நடந்தவற்றின் கணக்காகா என்ற முடிவுக்கே நாம் வரவேண்டியிருக்கிறது. ஐம்பத்தேழு பேர் பிழைத்தது மெய். அதை யாரும் குறைத்துச் சொல்லவேண்டாம். மறுக்கப்பட்டவர் எவருமில்லை என்ற பூஜ்யத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

இந்த 1,422 என்ற எண் அச்சான அறிக்கையிலேயே இருந்தும், சுதந்திரத்துக்குப் பின் தூக்கிலிடப்பட்டவர் ஐம்பத்துச் சொச்சம் பேரே என்ற பேச்சு அரசுத் தரப்பில் நெடுங்காலம் வழங்கிவந்தது. சிவில் உரிமை இயக்கத்தினர் பிற்காலத்தில் பழைய அறிக்கையைப் புரட்டி அனுபந்தத்தை எடுத்துக் காட்டிய பிறகே அந்தப் பேச்சு ஓய்ந்தது. அதன்பின் டில்லியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தார், தூக்கிலிடப்பட்டவர்களின் பெயர்களையாவது திரட்டுவோம் என்று சிறைதோறும் விண்ணப்பித்தனர். சில சிறைகளிலிருந்து ஏடுகள் தொலைந்துபோயின என்றும், கறையான் அரித்துவிட்டது என்றும் பதில் வந்தது. கயிற்றைச் சோதிக்க மணல் மூட்டையின் எடையைக் கூட விதியில் எழுதிவைத்த ராஜாங்கம், அந்தக் கயிற்றில் தொங்கியவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார் யார் என்பதைக் காத்துவைக்கவில்லை. மரண தண்டனையைப் பற்றிய சர்ச்சையில் நான் நிற்கும் இடம் இதுதான். பயமுறுத்துமா, திருத்துமா, ஈடாகுமா என்பன பிந்திய கேள்விகள். தான் கொன்றவர்களை எண்ணிவைக்காத கையில் கொல்லும் உரிமையை ஒப்படைக்கலாமா என்பது முதற் கேள்வி.

இதற்கு எதிராகத் திருவள்ளுவரையே சாட்சிக்கு அழைப்பவர் உண்டு. கொலையிற் கொடியவர்களை அரசன் ஒறுப்பது பயிரைக் காக்கக் களை பிடுங்குவதற்கு நிகரென்று செங்கோன்மை அதிகாரத்தின் முடிவில் அவர் உரைத்திருப்பது உண்மை; மழுப்பிப் பொருள் சொல்லும் வித்தை எனக்கு உடன்பாடன்று. ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், குற்றத்தை ஆராய்ந்து, எவர்பக்கமும் சாயாமல், தக்காரோடு தேர்ந்து செய்வதே முறை என்று அவர் வைத்த நிபந்தனையையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பக்கம் சாயாமல் நடக்கிறதா? அதே பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டில் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் வறியவர்கள். மேலும், பிடுங்கிய களையை எண்ணிவைக்கும் கடமை உழவனுக்கு இல்லை; மனிதரைக் களைந்த அரசுக்கு அந்தக் கடமை உண்டு.

தீர்ப்புத் தவறினால் தீர்த்தவர் கதி என்ன என்பதற்கும் இந்த வட்டாரத்தில் ஒரு பழங்கதை வழங்குகிறது. திருத்தணித் தாலுகாவைச் சேர்ந்த திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்க, பேயாகிய நீலி பெண்ணுருக்கொண்டு, வணிகனாகப் பிறந்திருந்த அவனைத் தொடர்ந்து வந்து, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, இவன் என் கணவன் என்று ஊர்ச் சபையில் முறையிட்டாள். சபையிலிருந்த எழுபது வேளாளரும் அழுகின்றவளை நம்பினார்கள், அஞ்சுகின்றவனை நம்பவில்லை. அவன் கையிலிருந்த வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தால் எழுபது பேரும் உயிர் தருவோம் என்று வாக்களித்து, அவளோடு அவனை ஓர் அறையில் விட்டார்கள். மறுநாள் அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீ வளர்த்து இறங்கினார்கள். சேக்கிழார் போற்றிய அந்த எழுபதின்மரின் நினைவாகத் திருவாலங்காட்டில் சாட்சி பூதேசுவரர் சந்நிதி இன்றும் இருக்கிறது. வாக்குத் தவறாமையின் பெருமைக்காகவே இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். நான் அதில் காண்பது வேறொன்று: நல்லவர்கள், விஷயம் தெரிந்தவர்கள், பாரபட்சமற்றவர்கள் எழுபது பேர் ஒன்றுகூடி ஏகமனதாகத் தவறினார்கள், தங்கள் எழுபது உயிரைக் கொடுத்தும் போன ஓருயிரை அவர்களால் மீட்க முடியவில்லை.

நம் காலத்திலும் அப்படி நேர்ந்ததுண்டு. 2009-இல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தன் பழைய தீர்ப்பொன்று, அரசியல் சாஸன பெஞ்சு வகுத்த விதிக்கு முரணாக, குற்றவாளியின் நிலைமையைப் பாராமல் குற்றத்தை மட்டும் பார்த்து அளிக்கப்பட்டது என்று ஒப்புக்கொண்டது. அந்தத் தவறான வழியில் தண்டனை பெற்ற ராஜஸ்தானத்துக்காரர் இருவர் 1996-இலும் 1997-இலும் முன்னரே தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். 2012-இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் பதினான்கு பேர், அதே பிழையால் தூக்குக்குக் காத்திருக்கும் மற்றவர்களையேனும் காப்பாற்றும்படி ஜனாதிபதிக்கு விண்ணப்பம் எழுதினார்கள்.

ராதாகிருஷ்ணன் ஜனாதிபதியாயிருந்த ஐந்தாண்டில் வெளியுலகில் நடந்தவையும் கவனிக்கத்தக்கவை. அவர் பதவியேற்று இரண்டு மாதம் நிறைவதற்குள், 1962 ஜூலை 6-ஆம் தேதி, கொழும்பு வெலிக்கடைச் சிறையில் சோமராமன் தூக்கிலிடப்பட்டான். அவன் கொன்றது, பதவிக்கு வந்ததும் மரண தண்டனையை நிறுத்திவைத்த பிரதமர் பண்டாரநாயக்காவை. தண்டனை நிறுத்தத்தைத் தொடரலாம் என்றே நார்வல் மாரிஸ் தலைமையிலான கமிஷன் கூறியிருந்தது. 1959 செப்டம்பரில் பண்டாரநாயக்கா சுடப்பட்டு இறந்ததும், நாடு கொதித்தெழுந்து, அவர் நிறுத்தியதை அவரைக் கொன்றவனுக்காகவே மீட்டது. இங்கிலாந்தில் 1964 ஆகஸ்டு 13-ஆம் தேதி கடைசித் தூக்கு நடந்தது; 1965-இல் பார்லிமெண்டு கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனையை நிறுத்திற்று; 1966-இல், பதினாறு ஆண்டுகளுக்கு முன் தூக்கிலிடப்பட்ட டிமதி எவான்ஸ் என்பவனுக்கு, அவன் செத்த பின்னர், மன்னிப்பு வழங்கப்பட்டது. நம் தண்டனைச் சட்டத்தை 1860-இல் நமக்கு எழுதித் தந்தவர்கள் தங்கள் தூக்குமேடையைப் பிரித்துவிட்டார்கள்; நாம் அவர்கள் கட்டிய மேடையைப் பாதுகாத்துக்கொண்டிருந்தோம்.

அயல்நாடுகளைப் பார்ப்பானேன், தமிழர் வாழ்ந்த திருவிதாங்கூரிலேயே 1944-இல், ஸர் சி. பி. ராமஸ்வாமி ஐயர் திவானாயிருந்தபோது, சம்ஸ்தானத்து மகாராஜா மரண தண்டனையைப் பெரும்பாலும் நீக்கினார். இந்தியாவோடு இணைந்த பின் 1950-இல் அது மீண்டும் வந்தது. தண்டனை இல்லாத 1945–50 காலத்தில் அங்கே 962 கொலைகள். தண்டனை திரும்பிவந்த 1950–55 காலத்தில் 967 கொலைகள். தூக்கு இல்லையேல் கொலை பெருகும் என்று இன்றும் மேடைகளில் முழங்குவோர் நாகர்கோவிலையும் பத்மநாபபுரத்தையும் உள்ளடக்கியிருந்த அந்த நாட்டின் கணக்கை ஒருமுறை பார்க்கவேண்டும்.

தமிழகத்தில் பிறந்து அந்தக் கோப்பின் முன் அமர்ந்தவர்கள் ராதாகிருஷ்ணனுக்குப் பின்னும் இருவர். ஆர். வெங்கட்ராமன் 45 மனுக்களை மறுத்து, 5 பேரின் தண்டனையைக் குறைத்தார். அப்துல் கலாம் ஒன்றை ஏற்று, ஒன்றை மறுத்தார். மறுக்கப்பட்டவர் 2004-இல் கல்கத்தாவில் தூக்கிலிடப்பட்டார். தம்முன் வந்த மனுக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சமுதாய, பொருளாதார ஏற்றத்தாழ்வின் சாயலைக் கண்டதாகக் கலாம் பின்னர் தம் நூலொன்றில் எழுதினார். மரண தண்டனையை நீக்கலாம் என்று 262-ஆவது அறிக்கைக்காகக் கருத்துக் கேட்ட சட்டக் கமிஷனுக்குத் தெரிவித்தார். அறிக்கை வெளிவருமுன் அவர் காலமானார். அவர் உடல் ராமேசுவரத்தில் அடக்கம் செய்யப்பட்ட 2015 ஜூலை 30-ஆம் தேதி காலையிலேதான், நாகபுரிச் சிறையில், அவருக்குப் பின்னாளில் வந்த ஜனாதிபதி ஒருவர் மறுத்த மனுவின் மேல், யாகூப் மேமன் தூக்கிலிடப்பட்டான். மூவரும் சான்றோர், மூவர் கையிலும் இருந்தது ஒரே ஷரத்து. ஒரே ஷரத்தின்கீழ் ஒருவர் காலத்தில் பிழைப்பவன் மற்றொருவர் காலத்தில் சாவான் என்றால், அவன் சாவது சட்டத்தாலா, காலண்டராலா?

1967 மே 13-ஆம் தேதி ராதாகிருஷ்ணன் பதவியினின்று விலகிச் சென்னைக்குத் திரும்பினார். அவ்வாண்டிலேயே 35-ஆவது அறிக்கை வெளியாயிற்று. இந்நாட்டு மக்களின் வளர்ப்பிலும் கல்வியிலும் ஒழுக்க நிலையிலும் உள்ள வேற்றுமை, நிலப்பரப்பின் விரிவு, ஜனத்தொகையின் பலவகைமை, சட்டம் ஒழுங்கைக் காக்கவேண்டிய அவசியம் ஆகியவற்றை எண்ணும்போது, மரண தண்டனையை நீக்கிப் பார்க்கும் பரீட்சையில் இறங்குவதற்கில்லை என்று அது முடிவு கூறிற்று. நீக்குவதையே பரீட்சை என்று கருதிய அந்தப் பெரியோர், ஆயிரத்து நானூற்று இருபத்திரண்டு பேரைத் தூக்கிலிட்டதைப் பரீட்சையென்று கருதவில்லை. அந்த எண்ணை அனுபந்தத்திலே சேர்த்து அறிக்கையை முடித்தார்கள்.

ஆயினும் சட்டம் அங்கேயே நின்றுவிடவில்லை. 1955 வரையில் கொலைக்குத் தூக்கே பொது விதி, ஆயுள் தண்டனை அளித்தால் நீதிபதி காரணம் எழுதவேண்டும். அவ்வாண்டுத் திருத்தம் அந்தக் கட்டாயத்தை எடுத்தது. 1973-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கி, ஆயுள் தண்டனையே பொது விதி, தூக்கு விதித்தால் விசேஷ காரணம் எழுதவேண்டும் என்றது. 1980-இல் பச்சன் சிங் வழக்கில், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என்ற எல்லையை நால்வர் வகுக்க, அதுவும் சாஸனத்துக்கு முரணென்று நீதிபதி பகவதி தனித்து நின்றார். மூன்றாண்டு கழித்து, தமிழ்நாட்டுச் சிறையொன்றின் தனிக் கொட்டடியில் எட்டாண்டுக்காலம் தூக்குக்குக் காத்திருந்த வைத்தீசுவரன் என்ற கைதியின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி சின்னப்ப ரெட்டியின் முன் வந்தது. காத்திருப்பதே ஒரு தண்டனையாகாதா என்று கேட்ட அந்த வழக்கின் கதையை அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)